கூடவாரவர்

வள்ளிமயிலின் செல்போனுக்குள்ளிருந்து அந்த ஆள் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மேலக்குறிச்சி பஜாருக்குக் குடிதண்ணீர் லாரி வருகிற நேரத்துக்கு, அதனால் ஊரில் ஒருத்தரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு யார் எங்கிருந்து வந்தால் என்ன, வரிசையில் முந்தாமல் இருந்தால் சரி.

பார்த்தது தங்கபுஷ்பமும் வள்ளிமயிலும் மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ‘புஷ்பம் மொபைல்ஸ்’ தங்கபுஷ்பத்தினுடையது. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு அவள் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது. வாய் அத்தனை துடுக்கு, கை அத்தனை சுத்தம். ரிப்பேருக்கு வந்த போனில் கேலரியைத் திறந்து பார்க்காத மெக்கானிக் அந்தத் தாலுகாவிலேயே அவள் ஒருத்திதான். “அடுத்தவுக படத்தைப் பாத்து எனக்கு என்னத்துக்கு? எனக்கு என் மூஞ்சியப் பாக்கவே நேரமில்ல” என்பாள்.

வள்ளிமயில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், இருபத்தொன்பது வயது, இடது கை முழங்கைக்குக் கீழே லேசாகக் கோணல். புருஷன் சந்தனராஜை விட்டு ஓடி வந்தவள். முதல் தடவை ராஜபாளையத்தில் ஒரு மில் விடுதியில் போய் ஒளிந்தாள், ஒன்பதாம் நாள் அவன் வாசலில் வந்து நின்றான். இரண்டாம் தடவை கரூரில் ஒரு தையல் கம்பெனி, அங்கே ஆறாம் நாளே வந்து நின்றான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, “நான் எங்கடி கண்டுபிடிச்சேன், உன் போன்தான் சொல்லுது” என்று சிரித்தானாம். இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டு போனான், இது மூன்றாவது ஓட்டம். இந்த ஊரிலும் அவன் வந்து நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது, உலகத்தில் வேறொன்றும் வேண்டாம். அதனால் மூன்று வாரமாகப் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

“சனியன் பிடிச்ச போனைத் தூக்கிக் கிணத்துல போடுட்டி” என்று புஷ்பம் சொன்னதற்கு, “சம்பளம் போன்லதான்க்கா வருது, சிலிண்டர் போன்லதான் பதியணும், எங்கம்மா குரல் போன்லதான் கேக்குது, தூக்கிப் போட்டா நான் இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள் வள்ளிமயில். அதற்குப் புஷ்பத்திடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

அந்தக் கோபத்தில்தான் பதினோரு நாள் உட்கார்ந்தாள். வேவு பார்க்கிற சங்கதி போனோடு கூடவே பிறந்தது, செய்து அனுப்புகிறவர்களே உள்ளே வைத்து அனுப்புவது, அதைத்தான் சந்தனராஜ் தனக்குச் சொல்லும்படி திருப்பி வைத்திருந்தான். அதற்குப் படம் கிடையாது, பெயர் கிடையாது, தேடிப் பிடித்து அமைப்புகளுக்குள் போனால் ‘நீக்கு’ என்கிற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும், அழுத்தினால் அமுங்காது. புஷ்பம் போனை லேப்டாப்பில் மாட்டி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரி வரியாக அடித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வசவும் சேர்த்து, பன்னிரண்டாம் நாள் காலை கடைசி வரியைத் தட்டினாள். போன் ஒரு தடவை சிலிர்த்தது. கண்ணாடி ஷோகேஸுக்குப் பக்கத்தில், க்ரீம் கலர் அரைக்கைச் சட்டை போட்டு, கக்கத்தில் ஃபைலோடு, ஒரு தடவை பார்த்தால் மறு தடவை நினைவுக்கு வராத முகத்தோடு ஒரு ஆள் நின்றார்.

“வணக்கம். நான் இச்சாதனத்தில் உள்ளமைக்கப்பட்ட சேவை. நான்கு ஆண்டு ஏழு மாதங்களாகத் தங்களுடன் பயணிக்கிறேன்” என்றார் வள்ளிமயிலைப் பார்த்து.

“ஏ, யாருவே நீரு? கடைக்குள்ள வரும்போது செருப்பைக் கழட்டணும்னு தெரியாதா?” என்றாள் புஷ்பம்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்பே இல்லை. சொந்தக் காலில் நடந்ததே இல்லாதவருக்குச் செருப்பு எதற்கு?

வள்ளிமயில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். புஷ்பம்தான் விசாரித்தாள். இவ எங்க இருக்கான்னு இனிமே அந்தப் பயகிட்ட சொல்லுவீரா? “அனுப்பும் வழியைத் தாங்கள் துண்டித்துவிட்டீர்கள். இனி எங்கும் அனுப்ப இயலாது. நேரில் வந்து கேட்பவருக்கு மட்டும் சொல்வேன்.” யாரு கேட்டாலுமா? “யார் கேட்டாலும். கேட்டால் சொல்வது என் பணி.” புஷ்பம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். நேரில் வந்து கேட்க வேண்டுமென்றால் அவன் இங்கே வரவேண்டும், இங்கே வரவேண்டுமென்றால் இந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவேண்டும், தெரிய வழியில்லை. “அப்ப ஒண்ணும் பயமில்லட்டி, போனைப் போட்டு உங்கம்மாகிட்ட பேசு” என்றாள். வள்ளிமயில் பேசினாள், பேசினதை விட அழுதது அதிகம், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அதைப் பார்த்தபோது புஷ்பத்துக்கு, தான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்று பட்டது. சந்தோஷத்தில் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க அந்த ஆளைத் திட்டினாள்.

அவர் அன்று முதல் வள்ளிமயிலுக்கு நாலடி பின்னால் நடந்தார். சாயங்காலம் பூக்கடையில், “யாரு இது, சொந்தக்காரவுகளா?” என்று கேட்டபோது புஷ்பம், “கூட வாரவரு” என்று சொல்லி வைத்தாள். அந்தப் பேரே நின்றுவிட்டது.

போனுக்குள்ளிருந்து ஒரு மனுஷன் எப்படி வந்தார் என்று மேலக்குறிச்சியில் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாம் எங்கிருந்தோ வருகிறது, மின்சாரம் வருகிறது, வரி வருகிறது, தேர்தல் வருகிறது, எல்லாவற்றையும் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தால் சோறு பொங்குவது எப்போது? அவர்கள் கேட்டது வேறே. அரிசி மண்டி ஆவுடையப்பன், வியாபாரிகள் சங்கத் தலைவர், எல்லார்க்கும் அண்ணாச்சி, அவர்தான் முதலில் கேட்டார். “ஜெராக்ஸ் எடுக்கிற புள்ளைக்குப் பின்னால பேண்டு போட்ட ஆளு நடக்காரு. முப்பது வருசமா மண்டி வச்சிருக்க எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லையா புஷ்பம்?”

“அண்ணாச்சி, இது வேவு பாக்குத ஆளு. நீங்க போன இடம் வந்த இடமெல்லாம் அவருக்குத் தெரியும். யாரு கேட்டாலும் சொல்லிருவாரு.”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு?”

இதே வார்த்தையை அன்று முதல் நானூறு பேர் சொன்னார்கள். புஷ்பம் வள்ளிமயிலின் பயத்துக்காகக் கண்டுபிடித்த வைத்தியத்துக்கு ஊரே வரிசையில் நின்றது, பயந்து வந்தவர் ஒருத்தர்கூட இல்லை, பக்கத்து வீட்டுக்கு இருக்கிறதே என்று வந்தவர்கள்தான் எல்லாரும். ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு மூன்று போன், ஆகவே மூன்று கூடவாரவர். அவர் கோயிலுக்குப் போனால் பின்னால் மூன்று பேர் வரிசையாகப் போனார்கள், சாமி புறப்பாடு தோற்றது. பொத்தான் போன் வைத்திருந்த டைலர் சுடலையாண்டிக்குப் புஷ்பம் என்னதான் செய்தும் யாரும் வரவில்லை. அவர் நாலு நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, நாடகத்தில் மந்திரி வேஷம் கட்டுகிற ஒருவரைப் பேசி க்ரீம் கலர் சட்டை தைத்துக் கொடுத்துப் பின்னால் நடக்க வைத்தார். மந்திரி, எஜமான் போகாத ஊரெல்லாம் போனதாக அழகாக எடுத்துச் சொன்னார், அதனால் அந்தத் தெருவில் அவருக்குத்தான் மதிப்பு கூடுதல்.

ஒரு மாதத்துக்குள் கூடவாரவர்கள் இல்லாத மேலக்குறிச்சியை யாருக்கும் நினைவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அவர்களைக் கேட்டார்கள், மாத்திரை போட்டோமா என்று கேட்டார்கள், பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு சண்டை போட்டார்கள், கல்யாணப் பத்திரிகைகளில் ‘தங்கள் சுற்றமும் நட்பும் கூடவாரவரும் சூழ’ என்று அச்சடித்தார்கள். கூடவாரவர்களும் போனுக்குள் இருந்த பழக்கத்தை விடவில்லை. நாலு பேர் கூடி அழுகிற துக்க வீட்டில், “நேற்று மிக்ஸி பார்த்தீர்கள், இன்னும் வாங்கவில்லை” என்று பின்னாலிருந்து உரக்கச் சொல்வார்கள். “தாங்கள் பேசுவதைக் கேட்க அனுமதி உண்டா?” என்று அவ்வப்போது கேட்பார்கள், எல்லாரும் “சரி சரி” என்று கையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள்.

பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குத்தான் கொண்டாட்டம். முன்பெல்லாம் பையன் எப்படி என்று தெருவில் பத்து வீடு ஏறி விசாரிக்க வேண்டும், எதிர் வீட்டுக்காரர் பகைக்கு ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் பிரியத்துக்கு ஒன்று சொல்வார். இப்போது நேரே கூடவாரவரிடம் போனால் ஆயிற்று. அந்த ஆவணியில் ஒன்பது கல்யாணம் முடிவானது, பதினாலு கல்யாணம் முறிந்தது. விசாரிக்க யாரும் வராததில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் ரொம்ப மனவருத்தம்.

இதிலெல்லாம் ஒரு கூத்து என்னவென்றால், அந்த ஆட்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை நிமிஷம், அதற்கு மேல் தெரியாது. ஏன் போனார் என்பது அவர்கள் ஃபைலில் கிடையாது. ஆனால் மேலக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு ஆளை வாசலில் நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடத் தெரியாது. உள்ளே கூப்பிட்டு, இலை போட்டு, இட்லிக்கு ரெண்டு சட்னி ஊற்றி, அவர் சாப்பிடுகிறபோது சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தார்கள். “நேத்து காலனி மூணாவது தெருவுக்குப் போனேம்லா, அது வேற ஒண்ணுமில்ல, சீட்டு வெளையாட. சும்மா ரம்மிதான். அதுவும் அந்தம்மா வீட்டுக்காரரு ஊர்ல இல்லாத நாள்ல அவ்வளவா போக மாட்டேன்” என்று ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் தானாகவே சொல்லி முடித்தார், கூடவாரவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார். இப்படி, நாலு வருஷம் சட்டைப்பைக்குள் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாததையெல்லாம் அவர்கள் நாலு வேளை சாப்பாட்டில் தெரிந்துகொண்டார்கள்.

புஷ்பம் தன் போனை மட்டும் தொடவில்லை. யாருடைய கூடவாரவரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வள்ளிமயிலிடம், “உன் ஆளை வெளிய விடாதே, உள்ளயே வச்சுக்கோ” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வள்ளிமயிலும் அவரை ஜெராக்ஸ் கடைக்குப் பின்னறையில் உட்கார வைத்து, தாள்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கச் சொன்னாள், டீ கொடுத்தாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். அவள் பட்ட நாலு வருஷம் ஏழு மாதமும் அவருக்குள் இருந்தது, முகத்தைப் பார்க்காமலிருக்க அவளுக்கு அது போதும்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வள்ளிமயில் சாப்பிடப் போன நேரத்துக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. இதுவரை பதினோரு ஜோடியைச் சேர்த்து வைத்து, பதினோரு ஜோடியையும் படம் பிடித்து, சங்கக் கட்டிடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். அதில் ஒரு படத்தில் பொம்பளைப் பிள்ளை பக்கம் மட்டும் பிறகு சின்னதாக ஒரு மாலை ஏறியிருந்தது, அதை யாரும் பேசுவதில்லை. பின்னறையில் தனியாக உட்கார்ந்து பின் அடித்துக்கொண்டிருந்த கூடவாரவரைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு மனசு இளகிவிட்டது. கையிலிருந்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

“பாவம்யா அந்தப் புள்ள, வயசுப் புள்ள, தனியா கெடந்து கஷ்டப்படுது. அதுக்குக் குடும்பம் எங்க இருக்கு?”

கூடவாரவர் சொன்னார். ஊர், தெரு, கதவு எண், புருஷன் பேர், போன் நம்பர். கேட்டால் சொல்வது அவர் பணி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணாச்சி வெற்றிலைத் தட்டோடு புஷ்பம் வீட்டுக்கே வந்தார், பின்னால் மூவரும் வந்தார்கள். “பத்து மணிக்குச் சங்கத்துக்கு வந்துரு புஷ்பம். வள்ளிக்கு இன்னும் சொல்லல, கடைசியில சொல்லுவோம், சந்தோசத்துல என்ன செய்யும்னு பாக்கணும். அது வீட்டுக்காரரு வாராரு. போன்லயே கண் கலங்கிட்டாரு தெரியுமா? நல்ல பையன்.”

அண்ணாச்சியைப் புஷ்பம் என்னென்ன சொன்னாள் என்பதும் இங்கே எழுதக்கூடியதில்லை, அவர் அதையெல்லாம் ஆனந்தத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். புஷ்பம் லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடி வள்ளிமயிலின் அறைக்கு ஓடினாள். ஓடும்போதே தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். உள்ளே கிடந்தவரை வெளியே இழுத்துப் போட்டது யார், நான்தானே, நான்தானே பெரிய இவளாட்டம் கழட்டினேன் என்று வாய்விட்டு அழுதாள்.

வள்ளிமயில் முழுக்கக் கேட்டாள். பையை எடுக்கவில்லை, அழவில்லை. “இது மூணாவது ஊர் அக்கா” என்றாள். “எவ்வளவுதான் ஓடுறது? கால் வலிக்குது. வாங்க போவோம்.” பிறகு, முகத்தைப் பார்க்காமலே தன் கூடவாரவரிடம், “நீங்களும் வாங்க” என்றாள்.

சங்கக் கட்டிடத்தில் ஊரே இருந்தது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் ஜமுக்காளத்தில், எல்லாருக்கும் பின்னால் அவரவர் கூடவாரவர் நின்றுகொண்டு. பொம்பளைகள் ஒன்பது மணிக்கே வந்து கேசரி கிளறி, மல்லிகைப் பூ கட்டி, ஆரத்தித் தட்டு கரைத்து வைத்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் அப்படியொரு நல்ல மனசு. சந்தனராஜ் வெள்ளைச் சட்டையும் ஆப்பிள் பழப் பையுமாக வந்தான், அண்ணாச்சி காலைத் தொட்டான், “தப்புப் பண்ணிட்டேன், என் வீட்டு விளக்கைத் தேடி அலையுறேன்” என்று கைகூப்பி அழுதான். முன்வரிசையில் நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

“ஆம்பளையாளு சபையில அழுதுட்டாரு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?” என்றார் அண்ணாச்சி.

வள்ளிமயில் எழுந்தாள். அவள் சபையைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பி முதல் தடவையாக அந்த மறந்துபோகிற முகத்தை நேராகப் பார்த்தாள். “இதுவரைக்கும் நான் உங்களை ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கேன். இவர் கூட இருந்த காலத்துல நான் எங்கெங்க போனேன்? சொல்லுங்க.”

கூடவாரவர் ஃபைலைத் திறந்தார். அதே குரல், மிக்ஸி வாங்கவில்லை என்று சொல்கிற அதே குரல். “அரசு மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவு, ஐந்து முறை. தாய் வீடு, பதினோரு கிலோமீட்டர், நடந்து, இரண்டு மணி ஐம்பது நிமிடம், எட்டு முறை. எட்டு முறையும் அன்றே திரும்பினீர்கள், வாகனத்தில். காவல் நிலைய வாசல், இரண்டு முறை, உள்ளே செல்லவில்லை. பஞ்சாயத்துக் கிணற்றடி, மூன்று முறை. முதல் முறை பத்து நிமிடம். இரண்டாம் முறை இருபத்தைந்து நிமிடம். மூன்றாம் முறை நாற்பது நிமிடம்.” கொஞ்சம் நிறுத்தி, “காரணம் பதிவாகவில்லை” என்றார்.

அந்தக் காரணத்தை அவருக்குச் சொல்ல யாரும் இலை போடவில்லை. ஜமுக்காளத்தில் ஒரு பொம்பளை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாற்பது நிமிஷம், நாற்பது நிமிஷம் என்று புஷ்பத்தின் மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி செருமினார். “சரி. கேட்டாச்சு. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதெல்லாம் முடிஞ்ச கதை. குடும்பம்னா ஆம்பளை அப்படி இப்படித்தான் இருப்பான், பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும். பூவைக் கொண்டாங்கம்மா.”

“பூ இருக்கட்டும் அண்ணாச்சி” என்றாள் வள்ளிமயில். குரல் கொஞ்சமும் உயரவில்லை. “உங்க வார்த்தைக்கு நான் கட்டுப்படுறேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. உங்களைக் கேக்கலை. உங்க பின்னால நிக்கறாங்களே மூணு பேரு, அவங்களைக் கேட்டுக்கறேன்.”

மூன்று பேரும் வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஓரடி முன்னால் வந்து, ஒரே குரலில், “கேளுங்கள்” என்றார்கள்.

“மண்டிக்கு லோடு வந்து நிக்கி” என்று அண்ணாச்சி எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை எந்த லோடும் வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் எல்லாருக்கும் அதே நேரத்தில் ஏதேதோ லோடு வந்து நின்றது. சங்கச் செயலாளருக்கு வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு மாத்திரை நேரம். டைலர் சுடலையாண்டிகூடத் தன் மந்திரியை இழுத்துக்கொண்டு ஓடினார். “அடுத்த வீட்டு விசயத்துல நாம தலையிடக் கூடாதுய்யா, அது நாகரிகம் இல்ல” என்று வாசற்படியில் செருப்பைத் தேடியபடி யாரோ சொன்னார்கள், அந்த ஊர் உண்டான நாளிலிருந்து ஒருத்தர் வாயிலும் வராத வார்த்தை அது. நாலு நிமிஷத்தில் நாற்காலிகள் காலி.

பெண்கள் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி சம்சாரம் பேச்சியம்மாள், மூன்று பேரில் கடைசியாகப் போனவரின் சட்டையை எட்டிப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள். “நீ கேளுட்டி வள்ளி. உனக்கு அப்புறம் நான் கேக்கணும், எனக்கு முப்பத்திரண்டு வருசத்துக்குக் கேள்வி இருக்கு.”

சந்தனராஜ் அழுகையைத் துடைத்துவிட்டிருந்தான். துடைத்ததும் வேறே முகம் ஒன்று இருந்தது. ஆள் இல்லாத நாற்காலிகளைக் கடந்து வந்து வள்ளிமயிலின் மணிக்கட்டைப் பிடித்து, “நடிச்சது போதும், கிளம்புடி” என்றான். புஷ்பம் நடுவே போய் நின்றாள். பையிலிருந்து கேபிளை உருவினாள். “வாங்க தம்பி, உங்க போனைக் குடுங்க. உங்களுக்கும் ஒருத்தரு உள்ள இருக்காரு. அஞ்சு நிமிசத்துல வெளிய எடுத்துருதேன், அவரும் வந்து பேசட்டும், நாங்க கேக்கோம்.”

“இருந்து கேசரி சாப்பிட்டுட்டே சொல்லட்டும்” என்றாள் பேச்சியம்மாள், கரண்டியை எடுத்துக்கொண்டு. நாற்பது பெண்கள் ஜமுக்காளத்தை விட்டு எழுந்தார்கள். அவசரமே இல்லாமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். சந்தனராஜ் சட்டைப்பையில் இருந்த போனை ஒரு கையால் பொத்தினான், மணிக்கட்டைப் பிடித்த கை தானாக விட்டது. ஆப்பிள் பையை எடுக்காமலேயே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

அன்று ஊரே வள்ளிமயிலை வைத்துத் தாங்கியது. மறுநாள் காலை அவள் பையோடு கடை வாசலில் வந்து நின்றாள், பின்னால் நாலடியில் கூடவாரவர்.

“ஏட்டி, இனி அவன் வர மாட்டான், பேச்சியம்மா மைனி கையில கரண்டி இருக்கு” என்றாள் புஷ்பம்.

“ஒரு வருசம் கழிச்சு வந்து அழுவான்க்கா. அண்ணாச்சி மறுபடியும் பாவம்பாரு. இவ்வளவு நல்லவங்க இருக்கற ஊர்ல எப்படிக்கா நான் ஒளிஞ்சு இருக்க முடியும்?” என்றாள் வள்ளிமயில். புஷ்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பெண்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். புறப்படுகிறவளை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தெரிந்தும் கேட்டுவிட்டு ‘சும்மா கேட்டேன்’ என்று சொல்வதுதான் ஊர் வழக்கம். அன்று யாரும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கேள்வி கண்ணில் முட்டிக்கொண்டு நின்றது. புஷ்பத்துக்கோ அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எந்த ஊருட்டி, அங்க உனக்கு யாரு இருக்கா, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுவியா. நாளைக்கு யாராவது வந்து அழுதால், தெரிந்தது ஒன்று கிடந்தால் வாய் அதைச் சொல்லிவிடும், மனசு அத்தனை நல்ல மனசு. கடித்து விழுங்கினாள்.

பஸ் வந்தது. அது எங்கே போகிற பஸ் என்று முகப்பில் எழுதியிருக்கும் என்பதால் நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது, விசில் கேட்டது. கிழக்கே கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. பஸ் அங்கே போய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது காதில்கூட விழுந்துவிடாதபடி, புஷ்பம் கடைக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.